ஐந்தாம் எலும்புக்கும் ஆறாம் எலும்புக்கும் நடுவே

இந்த நாற்காலி நன்றாக இருக்கிறது. தலையைச் சாய்த்துக்கொள்ள இடம் வைத்த நாற்காலியை இந்த மருத்துவமனையில் இன்றுதான் பார்க்கிறேன். நோயாளிகள் மணிக்கணக்கில் காத்திருக்கும் இடத்தில் முதுகு பாதியோடு நின்றுவிடும் இரும்பு நாற்காலிகளைப் போட்டுவிட்டு, விசாரணை அறையில் மட்டும் இப்படி ஒன்றைப் போட்டிருக்கிறீர்கள். குறை சொல்லவில்லை. கழுத்து வலிக்காரனுக்கு உலகத்துச் சாமான்கள் எல்லாம் இரண்டே வகை. தலையைத் தாங்குவது ஒன்று, தாங்காதது இன்னொன்று.

நீங்கள் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. ஆபரேஷனுக்கு முன்னால் என் தங்கையிடம் ஏதாவது வித்தியாசமாகக் கவனித்தேனா என்று கேட்டீர்கள். இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். வெளியே மாப்பிள்ளை, அதாவது தங்கையின் கணவர், காத்திருக்கிறார். ஐந்து நிமிஷத்தில் வந்துவிடுவேன் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். கொஞ்சம் கூடுதலாகத்தான் ஆகும். அந்தப் பதிவுக் கருவி ஓடுகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், மேடம். இரண்டாம் தடவை சொல்ல எனக்குத் தெம்பு இருக்காது.

நான் பல் செய்கிறவன். பல் மருத்துவர் இல்லை. அவர்கள் வாயில் அளவெடுத்து அச்சை அனுப்புவார்கள், நாங்கள் எங்கள் லேபில் பல்லைச் செய்து திருப்பி அனுப்புவோம். அப்பா தொடங்கிய லேப், அவருக்குப் பிறகு நானும் தங்கையும் பார்த்துக்கொள்கிறோம். அவளுக்கு வீட்டில் பொடிசு என்று பேர். நாற்பத்தொரு வயதாகியும் அந்தப் பேர் போகவில்லை. உள் அறையில் நான் உலோகத்தை உருக்கி வார்த்து, அராவி, பல்லுக்கு உள்ளே இருக்கும் கூட்டைச் செய்வேன். வெளி அறையில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் அதன்மேல் பீங்கான் மாவைத் தூரிகையால் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பல்லாக்குவாள். வயதானவருக்குச் செய்யும் பல்லில் மயிரிழை அளவுக்கு ஒரு விரிசலைக்கூட வரைந்துவிடுவாள். பக்கத்துப் பல் பழசாக இருக்கும்போது இது மட்டும் பளபளத்தால் காட்டிக் கொடுத்துவிடும் என்பாள். அவள் கை அப்படிப்பட்ட கை. இதை நான் பொறாமை இல்லாமல் சொல்கிறேன்.

அவளுக்கு உலோகம் ஆகாது. பதினெட்டு வயதில் யாரோ சிநேகிதி கொடுத்த மலிவுத் தோட்டைப் போட்டுக்கொண்டு இரண்டு காதும் புண்ணாகி, ஒரு மாதம் தலையணையில் காது படாமல் மல்லாக்கப் படுத்துக் கிடந்தாள். கைக்கடிகாரத்தின் பின்பக்கம் பட்ட இடம் வட்டமாகத் தடித்துவிடும். லேபுக்கு வந்த முதல் வாரத்தில் என் அறையில் உட்கார்ந்து உலோகம் அராவினாள், முழங்கை வரை கொப்புளம். அன்றைக்குச் செய்துகொண்ட ஏற்பாடுதான், உலோகம் என்னுடையது, பீங்கான் அவளுடையது. நான் கூட்டைக் கழுவித் துடைத்துத் தட்டில் வைத்துக் கொடுப்பேன். அவள் கையுறை போட்டு இடுக்கியால் எடுத்துக்கொள்வாள். பதினாறு வருஷத்தில் என் அறை வாசலை அவள் தாண்டியதில்லை. டீ கொண்டுவந்தால்கூட வாசலில் நின்று "அண்ணா" என்று கூப்பிடுவாள். அதனால் உலோகத்தைப் பற்றி எதையும் தெரிந்துகொள்ளும் அவசியம் அவளுக்கு வரவே இல்லை. அதற்குத்தான் நான் இருந்தேனே.

இந்தத் தொழிலில் கழுத்து சீக்கிரம் போய்விடும். அரிசி அளவுப் பொருளை நாள் முழுக்கக் குனிந்து பார்க்கிற வேலை. முதலில் போனது என்னுடையது. மூன்றரை வருஷத்துக்கு முன்னால் உங்கள் பெரிய டாக்டர் என் கழுத்தை முன்பக்கமாகக் கீறி, ஐந்தாம் எலும்புக்கும் ஆறாம் எலும்புக்கும் நடுவே நைந்துபோயிருந்த ஜவ்வுத் தட்டை எடுத்துவிட்டுச் செயற்கைத் தட்டு ஒன்றை வைத்தார். மேலும் கீழும் இரண்டு உலோக வில்லை, நடுவில் பிளாஸ்டிக். வீட்டுக்குப் போகும்போது பர்ஸில் வைத்துக்கொள்ள ஒரு சின்ன அட்டை கொடுத்தார்கள். உள்ளே இருப்பது என்ன உலோகம் என்று அதில் அச்சடித்திருந்தது. கோபால்ட், குரோமியம். படித்ததும் சிரித்துவிட்டேன். இருபது வருஷம் ஊரார் வாயில் வைத்ததைக் கடைசியில் என் கழுத்திலேயே வைத்துவிட்டார்கள்.

கையில் இருந்த குடைச்சல் போய்விட்டது. அதை மறுத்தால் நான் நன்றி கெட்டவன். கழுத்து வலி போகவில்லை. வலது தோளுக்கும் கழுத்துக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது, கட்டைவிரலால் மூடிவிடலாம். காலையில் அங்கே ஒரு சூடு தொடங்கும். பத்து மணிக்குப் பின்மண்டைக்கு ஏறும். மதியத்துக்குள் தலையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டால் தேவலை என்று இருக்கும். தலை எவ்வளவு கனம் என்று உங்களுக்குத் தெரியாது, மேடம். தெரிந்துகொள்ளும் நிலைமை வராமல் இருக்கட்டும்.

நான் செய்த முதல் தப்பை இப்போது சொல்கிறேன். ஆபரேஷன் முடிந்து ஆறாவது வாரம் பெரிய டாக்டர் என்னைப் பார்க்க வந்தபோது, பின்னால் எட்டு மாணவர்கள் நின்றார்கள். "எப்படி இருக்கீங்க? வலி பத்துக்கு எத்தனை?" என்று கேட்டார். அவர் முகம் ஏற்கனவே பாதி சிரித்திருந்தது. எனக்காக மூன்று மணி நேரம் நின்ற மனிதர், அத்தனை பேர் முன்னால் அவர் முகத்தை எப்படிச் சுருங்க வைப்பது? "பரவாயில்லைங்க டாக்டர், ரெண்டு இருக்கும்" என்றேன். அப்போது வலி ஏழு. ரெண்டு என்று எழுதிக்கொண்டு போனார். மரியாதைக்காகச் சொன்ன ஒரு ரெண்டுதான் என்னை இந்த அறை வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

அடுத்த முறை ஏழு என்று சொன்னபோது அவர் பழைய தாளைப் புரட்டினார். "போன தடவை ரெண்டுன்னீங்களே. படம் பாருங்க, எவ்வளவு அழகா இருக்கு. தட்டு அருமையா அசையுது" என்றார். பார்த்தேன், அழகாகத்தான் இருந்தது. வேலை தெரிந்தவன் நான், நல்ல வேலையைப் பார்த்தால் எனக்கும் தெரியும். அந்தப் படத்தில் வலி எங்கேயும் தெரியவில்லை.

வீட்டில் மனைவி மூன்று மாதம் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். அதற்குமேல் அவளுக்கும் அலுத்துவிட்டது. "டாக்டர்கிட்ட ரெண்டுன்னு சொல்லிட்டு வந்து என்கிட்ட ஏழுன்னா, நான் என்ன பண்றது? ஆள் பார்த்து வலிக்குதா உனக்கு?" என்றாள். அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. அன்றைக்கு மறுநாளிலிருந்து வீட்டில் நான் எண்ணே சொல்வதில்லை.

ஒரு வருஷம் கழித்து இங்கிருந்து போன் வந்தது. ஆபரேஷனுக்குப் பயப்படுகிறவர்களிடம் உட்கார்ந்து பேச, நன்றாகக் குணமான ஒருவர் வேண்டுமாம். வியாழக்கிழமை காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை, காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன அறை. உங்கள் பதிவேட்டில் என் பேருக்கு நேராக அந்த ரெண்டு இருந்தது அல்லவா, அதைப் பார்த்துத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் ஒத்துக்கொண்டேன். என் கழுத்தைப் பற்றி நான் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்க உலகத்தில் வேறு யாரும் மிச்சமில்லை. பொய்யாகப் பேசினாலும் பேச்சு பேச்சுதான்.

மொத்தம் பதினோரு பேரிடம் பேசினேன். பயப்படாதீர்கள், எனக்கு இப்போது வலியே இல்லை என்றேன். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக் காட்டினேன். திருப்பும்போது பல்லைக் கடித்துக்கொள்வேன், வெளியே தெரியாது. எதற்காக அப்படிச் சொன்னேன் என்று கேட்பீர்கள். முதல் இரண்டு பேரிடம் கூச்சத்தில் சொன்னேன். மூன்றாம் ஆளிடமிருந்து வேறு காரணம். இவர்களில் ஒருவராவது ஆறு மாதம் கழித்து என்னிடம் வந்து, "சார், உங்களுக்கும் இங்கேதான் எரியுமா?" என்று அந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டுவார் என்று எதிர்பார்த்தேன். ஒரே ஒருவர் போதும் என்றுதான் நினைத்தேன், பேராசைப்படவில்லை.

யாரும் வரவில்லை. பதினோரு பேரும் பிழைத்துவிட்டார்கள். கட்டடங்களுக்கு வர்ணம் அடிக்கும் ஒருவர், ஏணிமேல் நின்று தலையை அண்ணாந்து கூரைக்கு வெள்ளையடிக்கும் படத்தை எடுத்து அனுப்பினார். "எல்லாம் நீங்க குடுத்த தைரியம் சார்" என்று கீழே எழுதியிருந்தார். அந்தப் படத்தைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. நல்ல மனிதர், எனக்கு ஒரு கெடுதலும் செய்யாதவர். அவர் ஏணியிலிருந்து விழ வேண்டும் என்று அரை நிமிஷம் நினைத்தேன். அரை நிமிஷம்தான். பிறகு, மிக்க மகிழ்ச்சி என்று பதில் அனுப்பினேன்.

இந்த இடத்தில்தான் பொடிசு வருகிறாள். என் வேலை மந்தமாகிவிட்டிருந்தது. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து சுவரில் முதுகைச் சாய்த்து நிற்பேன். எனக்கும் சேர்த்து அவள்தான் பல் மருத்துவர்களுக்குப் பதில் சொல்வாள், கோபித்துக்கொள்கிறவர்களைச் சமாதானப்படுத்துவாள். ஒருநாள் உள் அறையில் தூசு உறிஞ்சும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு நின்றுகொண்டிருந்தேன். அவள் வெளியே போனில் பேசியது நன்றாகக் கேட்டது.

"அண்ணனுக்கா? ஆபரேஷன்லாம் சூப்பரா முடிஞ்சுது டாக்டர். இப்ப கழுத்துல ஒண்ணும் இல்ல. வேலைன்னு சொன்னாத்தான் வலிக்குது அவருக்கு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தப் பக்கத்தில் பல் டாக்டரும் சிரித்திருப்பார். அவள் எப்போதும் அப்படித்தான், கிண்டல் இல்லாமல் ஒரு வாக்கியம் முடியாது. மனசில் ஒன்றும் வைத்துச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். அரை மணி கழித்து வாசலில் டீயோடு வந்து நின்றாள். வாங்கிக் குடித்தேன். சர்க்கரை பத்தவில்லை என்று மட்டும் சொன்னேன்.

என் மனைவி நம்பவில்லை, பரவாயில்லை. டாக்டர் நம்பவில்லை, அவருக்குப் படம் இருக்கிறது. இவள் என் கூடப் பிறந்தவள், பத்தடி தூரத்தில் பதினாறு வருஷமாக உட்கார்ந்திருக்கிறவள். நான் சுவரில் சாய்ந்து நிற்பதைத் தினம் பார்த்தவள். இவளே சோம்பேறித்தனம் என்று நினைத்தால் எனக்கு வலிக்கிறது என்பதற்கு வேறு என்ன சாட்சி இருக்கிறது? சில நாள் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. வலித்துக்கொண்டே, உண்மையில் வலிக்கிறதா என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அது எவ்வளவு அசிங்கமான தனிமை என்று உங்களுக்குப் புரிய வைக்க என்னிடம் வார்த்தை இல்லை.

அதற்கு ஒரு வருஷம் கழித்து அவள் கழுத்தும் போயிற்று. வலது கை கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப்போய், பிடித்திருந்த தூரிகை தானாக நழுவி விழுந்தது. அதே டாக்டர், அதே ஐந்தும் ஆறும். அவளுக்கு இரண்டு வழி சொன்னார். எலும்போடு எலும்பை ஒட்டவைத்துவிடலாம், அல்லது எனக்கு வைத்த அதே வகைச் செயற்கைத் தட்டை வைக்கலாம். அவள் முதல் வழிக்குத்தான் சாய்ந்தாள்.

"உள்ள இரும்ப வச்சுக்கறதுக்குப் பயமா இருக்கு அண்ணா. வெளில பட்டாலே ஆகாதவ நான்" என்றாள்.

வியாழக்கிழமை அறைக்குக் கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்துப் பேசினேன். மற்ற பதினோரு பேரிடம் பேசியதைவிட நன்றாகவே பேசினேன். ஒட்டவைத்துவிட்டால் கழுத்து திரும்பாது, இந்த வேலைக்குக் கழுத்து வேண்டாமா என்றேன். "உனக்கு இன்னும் வலிக்குதுன்னு சொல்வியே?" என்று கேட்டாள். "எல்லாம் மனசுதான். நீ சொன்னதுதான் சரி, வேலைக்குத்தான் வலிச்சுது" என்றேன். அவள் முகம் ஒரு நொடி வாடியது. போனில் பேசியது என் காதில் விழுந்திருக்கிறது என்று அப்போது புரிந்திருக்கும். என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த நொடியில் நான் நிறுத்தியிருக்கலாம். கையை விடுவித்துக்கொண்டு, அவளுக்குக் காபி பிடித்துக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் படிவம் நிரப்பும் நர்ஸ் அவளை உட்காரவைத்துக் கேள்விகளைக் கேட்டிருக்கிறார். அந்த நர்ஸ்மேல் நடவடிக்கை எடுக்கப்போவதாகக் கேள்விப்பட்டேன். வேண்டாம். அவர் கேட்க வேண்டியதைக் கேட்டார். உலோகம் ஏதாவது உடம்புக்கு ஒத்துக்கொள்ளாதா என்ற கேள்வி வந்ததும் தங்கை, "ஒரு நிமிஷம் சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே வந்து எனக்குப் போன் செய்தாள். பதினொன்றேகால் மணி. நான் மேல்தாடைக்கு ஒரு கூடு வார்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணா, உலோகம் ஒத்துக்காதான்னு கேக்கறாங்க. எனக்குத் தோடு, வாட்ச்லாம் ஆகாதே, அதச் சொல்லணுமா?"

"அது நிக்கல், மட்டமான சாமான். உள்ள வைக்கிறது டைட்டானியம். அது யாருக்கும் ஒண்ணும் பண்ணாது."

"லேப்ல கொப்புளம் வந்துச்சே?"

"அது தூசு. ஆமான்னு போட்டா தோலுக்கு டெஸ்ட் அது இதுன்னு ஆறு மாசம் இழுத்தடிப்பாங்க. அதுக்குள்ள உன் விரல் ரெண்டும் போயிடும். இல்லைன்னு போடு."

"சரி. நீ சொன்னா சரி."

போனை வைத்துவிட்டாள். அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. நான் பேசியதில் பாதிக்குமேல் உண்மை என்பதைக் கவனியுங்கள். தோட்டில் இருப்பது நிக்கல்தான். டைட்டானியம் பெரும்பாலும் ஒன்றும் செய்யாதுதான். அவளுக்கு உள்ளே வைக்கப்போவது டைட்டானியம் இல்லை என்பது மட்டும்தான் விஷயம். என் பர்ஸில் அட்டை இருந்தது. என் எதிரே உருகிக்கொண்டிருந்ததும் அதே உலோகம்தான், அவள் முழங்கையைக் கொப்புளமாக்கிய உலோகம். ஆமாம் என்று அவள் சொல்லியிருந்தால் வேறு வகைத் தட்டோ, எலும்பு ஒட்டுவதோ, எதையாவது செய்து அவளை அனுப்பியிருப்பார்கள். அன்று வார்த்த கூடு நன்றாக வந்தது. ஒரு குமிழிகூட இல்லை.

அவளுக்கும் அட்டை கொடுத்தார்கள், அண்ணன் சொல்லியாயிற்றே என்று படிக்காமலே பர்ஸில் போட்டுக்கொண்டாள். முதல் மாதம் அவள் குணமாகிவிட்டாள். மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், எனக்கு ஏமாற்றமாக இருந்தது. விரல் மரப்பு போய், பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வேலை செய்தாள். இவளும் கூரைக்கு வெள்ளையடிக்கப் போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாவது மாதம் தழும்புக்குக் கீழே நெஞ்சு வரைக்கும் செந்தடிப்பு. பிறகு எரிச்சல். பெரிய டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். படம் அழகாக இருந்தது. தடிப்புக்குக் களிம்பு எழுதிக் கொடுத்தார். படிவத்தில் இல்லை என்று இருந்ததால் வேறு எதுவும் அவருக்குத் தோன்றவில்லை.

ஒருநாள் மதியம் என் அறை வாசலில் வந்து நின்றாள். கையில் டீ இல்லை. கழுத்தை ஒரு கையால் தாங்கிப் பிடித்திருந்தாள்.

"அண்ணா... உனக்கு இப்படித்தான் இருந்துச்சா?"

"எப்படி?"

"இங்க சூடா ஆரம்பிச்சு மேல ஏறுது. தல கனக்குது. யார்கிட்ட சொன்னாலும் படம் நல்லாருக்குங்கறாங்க." அழ ஆரம்பித்துவிட்டாள். "நான் உன்ன என்னென்னமோ கிண்டல் பண்ணிருக்கேன். மன்னிச்சிரு அண்ணா. இவ்ளோ வலிய வச்சிக்கிட்டு எப்படி நீ வேலைக்கு வந்த?"

நானும் அழுதேன். ஆபரேஷனுக்குப் பிறகு நான் அழுதது அன்றைக்குத்தான். மூன்று வருஷமாக இந்த ஒரு கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்தேன். கேட்டவள் என் தங்கை. அது சந்தோஷம், மேடம். வேறு பேர் வைத்து உங்களை ஏமாற்ற நான் விரும்பவில்லை.

அதற்குப் பிறகு வந்த ஏழு மாதங்கள் என் வாழ்க்கையிலேயே நல்ல மாதங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வெளி அறையில் பாயை விரித்து, கழுத்துக்கடியில் துண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டு இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருப்போம். "இன்னிக்கு எத்தன?" என்று கேட்பாள். ஏழு என்பேன். "எனக்கு எட்டு" என்பாள். சின்ன வயதில் யாருக்குப் பெரிய துண்டு என்று சண்டை போட்ட மாதிரி எண்ணுக்குச் சண்டை போட்டுக்கொள்வோம். எந்தத் தலையணை உதவும், எந்தப் பக்கம் படுக்கக் கூடாது என்று எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். மாப்பிள்ளைகூட, "அண்ணனும் தங்கச்சியும் ஒரு சங்கம் ஆரம்பிச்சிடுங்க மச்சான்" என்று கிண்டல் செய்தார். பிறகு ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அவள் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறாள், நீங்களாவது டாக்டரிடம் பேசுங்கள் என்று கெஞ்சினார். பேசுகிறேன் என்றேன்.

பேசவில்லை. டாக்டர், அவளுக்குக் கோபால்ட் ஆகாது என்று நான் ஒரு வரி சொல்லியிருந்தால் அந்த வாரமே எடுத்திருப்பார்கள். ஒவ்வொரு நாளும் தெரியும். அவள் வலியில் முகம் சுளிக்கும்போது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, நான் கல் இல்லை. ஒத்தடம் கொடுத்தேன், அவளுடைய வேலையில் பாதியை நானே செய்தேன். அவளைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டேன். எடுத்துவிட்டால் அவள் எழுந்து போய்விடுவாள், பாயில் நான் மட்டும் படுத்திருப்பேன். அதற்குத்தான் என்னால் முடியவில்லை.

இரண்டு வாரத்துக்கு முன்னால் காலையில் பல் தேய்க்கும்போது பிரஷ் அவள் கையிலிருந்து விழுந்திருக்கிறது. எடுக்கப் போனால் கை மூடவில்லை. வில்லையைச் சுற்றி இருந்த எலும்பு கரைந்து, தட்டு பின்னால் நகர்ந்து தண்டுவடத்தை அழுத்திக்கொண்டிருந்தது. பயிற்சிக்கு வந்த இளம் டாக்டர் ஒருவர், அந்தத் தடிப்பைப் பார்த்துவிட்டு, தோடு போட்டால் காது புண்ணாகுமா என்று கேட்டாராம். அதிலிருந்துதான் உங்கள் விசாரணை. அந்த வலது கையைத்தான் பீங்கானில் விரிசல் வரைகிற கை என்று உங்களிடம் சொன்னேன். அது திரும்புமா என்று யாரும் வாய் திறந்து சொல்ல மாட்டேன் என்கிறார்கள். நேற்று அவளால் ஒரு இட்லித் துண்டைக்கூடப் பிடிக்க முடியவில்லை, நான்தான் ஊட்டிவிட்டேன்.

உங்களிடம் அவள், "நான்தான் இல்லைன்னு சொன்னேன், என் தப்புதான்" என்று சொல்லியிருக்கிறாள். நான் போனில் சொன்னதைப் பற்றி வாயே திறக்கவில்லை என்று நீங்கள் இந்தக் கேள்வியைக் கேட்ட விதத்திலேயே புரிந்துகொண்டேன். மறந்திருக்க மாட்டாள். அண்ணன் தெரியாமல் சொல்லிவிட்டான், அவனை மாட்டிவிட வேண்டாம் என்று நினைக்கிறாள். உலோகத்தில் நான் தவறு செய்துவிட்டேனாம். இருபத்திரண்டு வருஷம் அதை உருக்கிய எனக்கு அது எது என்று தெரியவில்லையாம். இதுவும் எனக்குக் கொஞ்சம் உறுத்தலாக இருக்கிறது.

நாளை மறுநாள் தட்டை எடுத்துவிட்டு எலும்பை ஒட்டவைக்கப் போகிறார்கள். கை எப்படியோ, வலி கட்டாயம் போய்விடும் என்று பெரிய டாக்டர் அவளிடம் சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். குணமானவர்களை எனக்குத் தெரியும். பதினோரு பேரைப் பார்த்திருக்கிறேன். ஆறே மாதத்தில் மறந்துவிடுவார்கள். வலி எப்படி இருந்தது என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்வார்கள். ஒரு வருஷம் கழித்து அவளும் போனில் என்னைப் பற்றிச் சிரித்துக்கொண்டு ஏதாவது சொல்வாள்.

அதனால்தான் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். அவளுக்கு அந்த உலோகம் ஆகாது என்று எனக்குத் தெரியும். உள்ளே வைக்கப்போவது அதே உலோகம் என்றும் தெரியும். கேட்டபோது, தெரிந்தே, நிதானமாக, பொய் சொன்னேன். வைத்த பிறகு மாதக்கணக்கில் தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருந்தேன். யாரும் என்னைத் தூண்டவில்லை. படிவம் நிரப்பிய நர்ஸுக்கும் டாக்டருக்கும் இதில் சம்பந்தமில்லை.

இதை அவளிடம் அப்படியே போட்டுக் காட்டுங்கள். ஆபரேஷனுக்கு முன்னாலா பின்னாலா என்பதை நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள். அழுவாள். மாப்பிள்ளை என்னை அடிக்க வந்தாலும் வருவார், அடிக்கட்டும். முகத்தில் முழிக்காதே என்று அவள் சொல்லக்கூடும். ஆனால் அழுது ஓய்ந்த பிறகு ஒருநாள் உட்கார்ந்து யோசிப்பாள். கூடப் பிறந்தவளுக்கே ஒருத்தன் இப்படிச் செய்திருக்கிறான் என்றால், பாவம், அவனுக்கு எவ்வளவு வலித்திருக்க வேண்டும் என்று யோசிப்பாள். அதற்கப்புறம் எனக்கு வலிக்கிறது என்பதில் அவளுக்கு ஒருநாளும் சந்தேகம் வராது.